காடு வகுத்த வான்வழி

சிறிய விமானத்தில் காட்டுக்குள் போகிறவர்களின் பெட்டியை மட்டும் எடை போட்டு விட்டுவிடுவதில்லை. ஆளையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். தென் அமெரிக்க நாடான கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனுக்குக் கிழக்கே கடலோரமாக ஓகிள் விமான நிலையம் இருக்கிறது. அதற்கு இப்போது யூஜின் எஃப். கொரேயா பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர் என்றாலும், பேச்சில் பழைய பெயர்தான் நிலைத்திருக்கிறது. கையெட்டூர் அருவிக்குப் போகும் காலை விமானத்துக்காக அங்கே வரிசையில் நின்றேன். தோள்பையோடு என்னைத் தராசின் மேல் ஏறச் சொன்ன ஊழியர், எண்ணைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்தவரை அழைத்தார். எண் பின்னால் நிற்பவர்களுக்கும் நன்றாகவே தெரிந்தது. உடல் எடையைப் பற்றிக் கூச்சம் உள்ளவர்கள் அதை முந்தைய நாளே வீட்டில் விட்டுவிட்டு வருவது நல்லது.

அந்தத் தாளில் இருந்தது வெறும் சம்பிரதாயம் அல்ல. நாங்கள் ஏறவிருந்தது செஸ்னா கிராண்ட் கேரவன் என்னும் ஒற்றை எஞ்சின் விமானம். தரையை விட்டு எழும்போது அதன் மொத்த எடை ஏறத்தாழ 4 டன்னைத் தாண்டக் கூடாது. ஆள் ஏறாத விமானமே 2 டன்னுக்கு மேல் இருக்கும். இறக்கைகளுக்குள் இருக்கும் தொட்டிகளை நிரப்பினால் எரிபொருள் மட்டும் 1 டன் வரும். எஞ்சியிருக்கும் சில நூறு கிலோவுக்குள்தான் விமானி, பயணிகள், சாமான்கள் எல்லாமே அடங்கியாக வேண்டும். ஆகவே எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு இருக்கைகளை எண்ணிப் பயனில்லை. எவ்வளவு தூரம் போக வேண்டும், போகும் இடத்தில் எரிபொருள் கிடைக்குமா, கிடைக்காது என்றால் திரும்பி வர எவ்வளவு வேண்டும், வழியில் மழை குறுக்கிட்டால் சுற்றிப் போக எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட பிறகே ஆட்களின் எண்ணிக்கை முடிவாகிறது. எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். வால் பக்கம் பாரம் கூடினால் விமானத்தின் மூக்கு தூக்கிக்கொண்டு, கட்டுப்படுத்துவது கடினமாகும் என்பதால், யார் எந்த இருக்கையில் அமர வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். விரும்பிய சன்னலைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற என் ஆசை அந்த இடத்திலேயே அடங்கியது.

அன்று நாள் முழுவதும் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பத்து கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பெரிய ஜெட் விமானத்துக்குக் கீழே காடு இருக்கிறதா, கடல் இருக்கிறதா என்பது பெரிய பொருட்டே அல்ல. சிறிய விமானத்துக்கோ ஏறும் நேரம், செல்லும் வழி, சுமக்கும் பாரம், இறங்கும் தளம் ஆகிய நான்கையும் காடே தீர்மானிக்கிறது. பயணச்சீட்டில் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தாலும், அட்டவணை போடுவது காடுதான்.

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது பார்வையையே மாற்றுகிறது. கேரவன் 1982 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. அதன் இறக்கைகள் உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே சன்னலுக்கும் தரைக்கும் நடுவே எதுவும் குறுக்கே வருவதில்லை. பெரிய விமானங்களில் பாதிப் பயணிகள் இறக்கையைப் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்வதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய வசதி என்பது புரியும். சக்கரங்கள் உள்ளே மடங்குவதில்லை. கரடுமுரடான மண் தளங்களில் இறங்கி ஏறுவதற்கு ஏற்ற உறுதியான கால்கள் அவை, பயணம் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கின்றன. விமானி அறை என்று தனியாக ஓர் அறை இல்லை. சீட் பெல்ட்டை எப்படிப் போடுவது, கதவை எப்படித் திறப்பது என்பதையெல்லாம் விமானியே தம் இருக்கையிலிருந்து திரும்பி உட்கார்ந்து சொன்னார். பிறகு அவர் முன்னே திரும்பிக்கொண்டதும், அவருடைய தோளுக்கு மேலாகக் கருவிகளின் முட்கள் எனக்கும் தெரிந்தன. எந்த முள் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாத ஒருவருக்கு இது ஆறுதலா கவலையா என்பதை அவரவர் மனப்போக்கிற்கே விட்டுவிடுகிறேன்.

விமானம் எழுந்ததும் முதலில் தெரிவது காடு அல்ல, மனிதர் வகுத்த நேர்கோடுகள். கயானாவின் கடற்கரைச் சமவெளியின் பெரும்பகுதி, கடல் ஏறும்போது கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலம். டச்சுக்காரர்கள் காலத்தில் தொடங்கிய கடற்சுவரும், வாய்க்கால்களும், மதகுகளும் அதைக் காத்து நிற்கின்றன. நாட்டு மக்களில் பெரும்பாலோர் இந்த ஒடுங்கிய கரையோரத்தில்தான் வசிக்கிறார்கள். வயல்களையும் கரும்புத் தோட்டங்களையும் பிரிக்கும் அந்தக் கோடுகள் சில நிமிடங்களில் முடிந்துபோகின்றன. அதற்குப் பின் வெண்மணல் பட்டை ஒன்று வருகிறது. கயானா கேடயம் என்னும் மிகத் தொன்மையான பாறைத்தொகுதி, கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து அரிக்கப்பட்டதால் உண்டான தூய படிக மணல் அது. மரம் வெட்டுவதற்காகப் போட்ட பாதைகள் அந்த மணலின் மேல் கண்ணைக் கூசவைக்கும் வெண்மையுடன் ஓடுகின்றன. அவையும் ஒவ்வொன்றாகத் தேய்ந்து நின்றுபோன பிறகு கண்ணுக்கு எட்டியவரை காடுதான். நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 85 சதவீதம் காடு என்று புள்ளிவிவரமாகப் படிப்பது ஒன்று; மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தும் அது முடியாமல் நீள்வதைப் பார்ப்பது வேறு.

இந்த இடத்தில் பெரும்பாலான பயணிகள் ஐந்து நிமிடம் படம் எடுத்துவிட்டுத் தூங்கிப்போகிறார்கள். பச்சை, பச்சை, மேலும் பச்சை என்று அலுத்துப்போவதாகச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்கு எதைத் தேடுவது என்று தெரியாதவரை அது ஒரே பச்சையாகத்தான் இருக்கும். காலைச் சூரியன் தாழ்ந்திருக்கும் நேரம் இதற்கு உதவி செய்கிறது. மற்ற மரங்களுக்கு மேலே தலை தூக்கி நிற்கும் பெருமரம் ஒவ்வொன்றும் பக்கத்து மரங்களின் முகடுகள் மேல் தன் நிழலை நீளமாகக் கிடத்துகிறது. அந்த நிழலின் நீளத்தைக் கொண்டே அது எவ்வளவு உயரம் விஞ்சியிருக்கிறது என்று ஊகித்துவிடலாம். உச்சி வெயிலில் அதே காடு தட்டையாகிவிடும். புதிதாகத் தளிர்த்த மரங்கள் செம்பழுப்பாகவும், இலையுதிர்த்த மரங்கள் சாம்பல் நிறக் கிளைகளாகவும், பூத்த மரங்கள் முழு மஞ்சளாகவும் தனித்தனியே நிற்கின்றன. வெப்பமண்டலக் காட்டில் ஒரே வகை மரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது குறைவு; அதனால் ஒரு மஞ்சள் முகட்டைக் கண்ட பிறகு அடுத்த மஞ்சளுக்கு ஒரு கிலோமீட்டர் தாண்டிக் காத்திருக்க நேர்ந்தது. அத்தனை தூரம் கடந்து ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவிடம் சேர்க்கும் தேனீயின் உழைப்பு, தரையில் நின்று பார்த்தபோது எனக்குத் தோன்றியதே இல்லை.

பனை இனங்களை மேலிருந்து அடையாளம் காண்பது மிக எளிது. மற்ற மரங்களின் முகடுகள் உருண்டு திரண்டிருக்க, பனை மட்டும் நட்சத்திரமாக விரிந்திருக்கும். அத்தகைய நட்சத்திரங்கள் கூட்டமாகத் தென்பட்டால் கீழே சதுப்பு நிலமோ, மரங்கள் மூடிய ஓடையோ இருக்கிறது என்று பொருள். தண்ணீர் கண்ணில் படாமலே ஓர் ஓடை எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்பதைப் பனைகளை வைத்தே தொடர்ந்து பார்த்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் இரண்டு மக்கா கிளிகள் எங்களுக்குக் கீழே ஜோடியாகப் பறந்தன. பறவையின் முதுகைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அரிதாகவே கிடைக்கிறது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் வானத்தின் ஒளியில் கருத்துத் தெரியும் அந்தப் பறவைகள், பச்சைப் பின்னணியின் மேல் இறக்கைகளின் சிவப்பும் நீலமும் பளிச்சிட, விரித்து மடக்கி விரித்துப் போயின. ஒரு சில நொடிகள்தான். எங்கள் வேகத்துக்கு அவை பின்தங்கிவிட்டன.

ஆறுகளுக்கு வருவோம். காட்டுக்கு மேலே பறப்பதில் எனக்கு அதிகம் பிடித்தது ஆறுகளைப் படிப்பதுதான். வெண்மணல் நிலத்திலிருந்து வரும் ஓடைகள் பால் விடாத தேநீரின் நிறத்தில் இருக்கின்றன. களிமண் பிடித்துவைத்துக்கொள்ளும் இலைச்சாற்றை மணலால் பிடித்துவைக்க முடியாததே அதற்குக் காரணம். உதிர்ந்த இலைகளிலிருந்து இறங்கும் சாயம் நேராக நீரில் கலந்துவிடுகிறது. அந்த நீர் அசுத்தமானது அல்ல, சேறு கலவாத தெளிந்த நீர்தான். வேறு சில ஆறுகளோ பால் கலந்த நிறத்தில் கலங்கி ஓடுகின்றன. அவற்றின் மேற்பகுதியை நோக்கிக் கண்ணை ஓட்டினால் காரணம் தானாகவே தெரிந்துவிடும். காட்டின் நடுவே மஞ்சள் மண் குதறப்பட்டு, அதில் பச்சையும் நீலமுமாகத் தேங்கிய குட்டைகள், ஓரத்தில் நீல நிறத் தார்ப்பாய்க் கூரைகள். தங்கம் அரிக்கும் இடங்கள் அவை. ஆற்றோரப் படிவுகளை நீரைப் பீய்ச்சி உடைத்து, வண்டலை அரித்து, தங்கத் துகள்களைப் பாதரசத்தோடு சேர்த்துப் பிரிக்கும் முறை இன்னும் வழக்கில் இருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவானது. கயானாவும் அதில் சேர்ந்திருக்கிறது. உடன்படிக்கை தாளில் இருக்கிறது, குட்டைகள் காட்டில் இருக்கின்றன. தெளிந்த ஆறும் கலங்கிய ஆறும் சேரும் ஓரிடத்தில், இரண்டு நிறங்களும் ஒன்றாகாமல் வெகுதூரம் பக்கம் பக்கமாக ஓடியதைப் பார்த்தேன். தரையில் நின்று ஒருவர் எத்தனை பக்கம் எழுதினாலும், அந்த ஒரு கோட்டைக் காட்டுவதற்கு ஈடாகாது.

அதே சமயம், விமானத்திலிருந்து பார்ப்பவர் காடு அழிவதைப் பற்றி அவசரமாகத் தீர்ப்பு வழங்குவதும் தவறு என்று நினைக்கிறேன். அந்தத் தார்ப்பாயின் கீழே இருப்பவர் யார், எந்தக் கடனுக்காக அங்கே வந்தார் என்பது எந்த உயரத்திலிருந்தும் தெரியாது. மேலிருந்து சேதத்தின் அளவு மட்டுமே தெரிகிறது.

இனி மேகம். புறப்படும்போது பள்ளத்தாக்குகளில் பனிமூட்டம் கிடந்தது. இரவில் குளிர்ந்த ஈரக்காற்று தாழ்வான இடங்களில் படிந்து உண்டான அந்த மூட்டம் வெயில் ஏறினால்தான் கலையும். அது கலையாமல் உள்நாட்டுத் தளங்களில் இறங்க முடியாது என்பதால், விடிந்தவுடன் கிளம்பிவிடலாம் என்று எண்ணினால் நடக்காது. பனி கலைந்த பிறகு தாமதித்தாலும் ஆகாது. ஏனெனில் பத்து, பதினொரு மணிக்கு மேல் காடே மேகங்களை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடுகிறது. இதைச் சொல்லலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். மரங்கள் வேரால் உறிஞ்சும் நீரின் பெரும்பகுதியை இலைகளின் வழியே ஆவியாக வெளியிடுகின்றன. ஒரு பெரிய மரம் நாளொன்றுக்குப் பல நூறு லிட்டர் நீரை இப்படி வெளியேற்றும். அமேசான் படுகையிலுள்ள மரங்கள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 2,000 கோடி டன் நீராவியை வெளியிடுவதாகப் பிரேசில் அறிவியலாளர் அந்தோனியோ நோப்ரே மதிப்பிட்டிருக்கிறார். அமேசான் ஆறு ஒரு நாளில் கடலில் கொண்டுபோய்க் கொட்டும் நீரைவிட அது அதிகம். காற்றில் நகரும் அந்த ஈரத்துக்குப் பறக்கும் ஆறுகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெயிலில் சூடேறிய காட்டு முகட்டிலிருந்து அந்த ஈரக்காற்று எழுகிறது, உயரத்தில் குளிர்கிறது, சிறு சிறு வெண்மேகத் திரள்களாக மாறுகிறது. விமானம் அவற்றுக்குக் கீழே போகும்போது ஒவ்வொரு திரளுக்கும் அடியில் ஒரு தூக்கு, இரண்டு திரள்களுக்கு நடுவே ஓர் இறக்கம் என்று உடல் அதை உணர்கிறது. ஏர்பாக்கெட்டில் விழுந்துவிட்டோம் என்று பயணிகள் சொல்வது இந்த இறக்கத்தைத்தான். வானத்தில் பள்ளம் எதுவும் இல்லை. ஏறும் காற்றிலிருந்து இறங்கும் காற்றுக்கு மாறியிருக்கிறோம், அவ்வளவுதான். பெரிய விமானமும் இதே காற்றில்தான் ஏறி இறங்குகிறது என்றாலும், அதன் எடையும் வேகமும் அதிர்ச்சியைப் பெரிதும் விழுங்கிவிடுகின்றன. 4 டன் விமானம் எதையும் விழுங்குவதில்லை. வந்ததை வந்தபடியே பயணியிடம் கொடுத்துவிடுகிறது.

அப்போது நான் கவனித்த ஒன்று இன்றைக்கும் எனக்கு வியப்பைத் தருகிறது. காட்டின் மேல் எல்லா இடத்திலும் மேகத் திரள்கள் புள்ளி வைத்தாற்போல் எழுந்திருக்க, எசெக்விபோ ஆற்றுக்கு மேலே மட்டும் வானம் திறந்திருந்தது. ஆறு வளைந்த இடத்தில் மேகத்தின் இடைவெளியும் அதே வளைவில் வளைந்தது. கயானாவின் மிகப் பெரிய ஆறு எசெக்விபோ. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடையது. கடலைச் சேரும் இடத்தில் அதன் முகத்துவாரம் 30 கிலோமீட்டர் அளவுக்கு விரிகிறது. பகல் வெயிலில் காட்டின் முகடு சீக்கிரம் சூடேறுகிறது, அகன்ற ஆற்றின் நீர்ப்பரப்பு அவ்வளவு சீக்கிரம் சூடேறுவதில்லை. ஆகவே காட்டின் மேல் காற்று எழ, அதை ஈடுசெய்ய ஆற்றின் மேல் காற்று இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் கட்டாது. அமேசான் பகுதியின் செயற்கைக்கோள் படங்களில், பெரிய ஆறுகள் மேகக் கூட்டத்தின் நடுவே கருங்கோடுகளாகத் தெரிவது இதனால்தான். ஆற்றைத் தொடர்ந்து பறந்தால் வழி தவறாது, அவசரத்தில் இறங்கத் திறந்த வெளி கிடைக்கும் என்று பழைய விமானிகள் ஆறுகளை ஒட்டியே போனார்கள். மேகமும் அங்கேதான் விலகி நிற்கிறது என்பது அதற்கு மேல் கிடைத்த லாபம்.

கயானாவில் விமானப் போக்குவரத்தே ஆற்றில்தான் தொடங்கியது. 1930களில் ஆர்ட் வில்லியம்ஸ், ஹாரி வென்ட் என்னும் இரு அமெரிக்கர்கள் நீரிலும் இறங்கக்கூடிய விமானத்தை அங்கே கொண்டுவந்தார்கள். காட்டை வெட்டித் தளம் அமைக்கும்வரை காத்திராமல், ஆறுகளின் அமைதியான நீட்சிகளிலேயே இறங்கி ஏறினார்கள். வாரக்கணக்கில் படகு வலித்து, அருவிகள் வரும் இடங்களில் படகைத் தோளில் தூக்கி நடந்த தூரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின. பக்கத்து நாடான வெனிசுவேலாவில், கனிமம் தேடிப் பறந்த ஜிம்மி ஏஞ்சல் 1933இல் ஒரு மேசைமலையின் விளிம்பிலிருந்து விழும் 979 மீட்டர் உயர அருவியைக் கண்டார். அந்த மலையைச் சூழ்ந்து வாழும் பெமோன் மக்கள் அதை முன்பே அறிந்திருந்தாலும், உலக வரைபடங்களில் ஏறியது அவருடைய பெயர்தான். 1937 அக்டோபரில் அவர் மனைவியுடனும் இன்னும் இருவருடனும் அதே மலையுச்சியில் விமானத்தை இறக்கினார். மேலிருந்து புல்வெளியாகத் தெரிந்த இடம் சேறாக இருந்தது, சக்கரங்கள் புதைந்துபோயின. நால்வரும் 11 நாள் நடந்து கீழே இறங்கினார்கள். விமானம் 1970 வரை அங்கேயே கிடந்தது, பிறகு ஹெலிகாப்டர் உதவியால் கீழே கொண்டுவரப்பட்டது. மேலிருந்து பார்க்கும் கண் தரையைப் பற்றி எவ்வளவு நம்பிக்கையோடு பொய் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஒற்றை எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் இருந்தது. கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எஞ்சின் நின்றால் விமானம் கல்லாக விழுந்துவிடாது. சுழலியின் தகடுகளைக் காற்றுக்கு எதிர்ப்புத் தராதபடி திருப்பிவிட்டுச் சறுக்கிச் சென்றால், ஆயிரம் மீட்டர் உயரத்தை விட்டுக்கொடுத்துப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போக முடியும். எனவே உயரம் என்பது விமானியின் சேமிப்பு. அதைக் கொண்டு ஓர் ஆற்றையோ மணல்திட்டையோ மண் தளத்தையோ எட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. கேரவனில் இருக்கும் பிராட் அண்ட் விட்னி பிடி6 வகை டர்போபிராப் எஞ்சின் 1960களிலிருந்து உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்பகமானது என்று பேர் வாங்கியது. ஆயினும் காட்டின் மேல் விபத்து நேர்ந்தால், விழுவதோடு ஆபத்து முடிவதில்லை என்பதுதான் இந்தப் பயணத்தின் தனித்தன்மை. 40 மீட்டர் உயர மரங்கள் விமானத்தை உள்வாங்கிக்கொண்டு மேலே மூடிக்கொள்கின்றன. தேடி வருபவர் நேர் மேலே பறந்தாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஏழு பேருடன் சென்ற செஸ்னா 206 விமானம், எஞ்சின் கோளாறு என்று விமானி அறிவித்த பின் மறைந்தது. சிதைவைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. பெரியவர்கள் மூவரும் இறந்திருந்தார்கள். குழந்தைகள் நால்வரைக் காணவில்லை. மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டி ஒரு வயதுக் குழந்தை. ஹுய்டோட்டோ பழங்குடியைச் சேர்ந்த அந்தக் குழந்தைகள், விமானத்திலிருந்த மரவள்ளி மாவையும், பிறகு காட்டுப் பழங்களையும் உண்டு பிழைத்திருந்தார்கள். இராணுவத்தினரும் பழங்குடி மக்களும் சேர்ந்து தேடி, 40 நாளுக்குப் பின் ஜூன் 9 அன்று அவர்களை உயிரோடு மீட்டார்கள். 1971 டிசம்பர் 24 அன்று பெருவில் புயல் மேகத்துக்குள் சிதறிய பெரிய விமானம் ஒன்றிலிருந்து, இருக்கையோடு சேர்ந்து 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுந்த 17 வயது ஜூலியானே கோப்கே பிழைத்ததும் இப்படித்தான். உயிரியல் ஆய்வாளர்களான பெற்றோருடன் காட்டில் வாழ்ந்த பெண் அவர். நீரைப் பின்தொடர்ந்தால் மனிதரை அடையலாம் என்று அறிந்திருந்ததால், ஓடையின் வழியே 11 நாள் நடந்து பிழைத்தார். அந்த விமானத்தில் இருந்த மற்ற 91 பேரும் இறந்தார்கள். இந்த இரண்டு கதைகளிலும் காட்டை அறிந்தவர்களுக்குக் காடு ஓரளவு வழிவிட்டிருக்கிறது. எனக்கு அந்த அறிவு துளியும் இல்லை என்பதை, சீட் பெல்ட்டை இன்னும் ஒரு முறை இறுக்கிக்கொண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

கையெட்டூரை நெருங்கும்போது சமவெளி மடிப்பு மடிப்பாக உயர்ந்து, பீடபூமியின் செங்குத்து விளிம்புகள் எழுகின்றன. பொட்டாரோ ஆறு அந்த விளிம்பிலிருந்து ஒரே வீழ்ச்சியாக 226 மீட்டர் விழுகிறது. நயாகராவைப் போல நான்கு மடங்குக்கு மேல். பிரிட்டிஷ் நிலவியலாளர் சார்லஸ் பாரிங்டன் பிரவுன் 1870இல் இதைக் கண்டு உலகுக்கு எழுதினார். 1929இல் அதைச் சுற்றியுள்ள பகுதி தேசியப் பூங்காவானது. விமானி பள்ளத்தாக்குக்குள் தாழ்ந்து, முதலில் இடப்பக்கத்தவருக்கும் பின் வலப்பக்கத்தவருக்கும் தெரியும்படி வளைத்துக் காட்டினார். எடையைக் கணக்குப் பார்த்துப் பிரிப்பதைப் போலவே காட்சியையும் பிரித்துக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அருவியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான் கூடுதலாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. அங்கே இறங்கி நடக்கும்போது, ஆளுயரத்துக்கும் மேலாக வளரும் பிரொமிலியாத் செடிகளின் இலையிடுக்குகளில் தேங்கும் நீரில், விரல் நகத்தளவே இருக்கும் பொன்னிறத் தவளை ஒன்றைப் பார்த்தேன். அந்த இனம் பிறப்பதும் முட்டையிடுவதும் அந்தச் செடியின் நீரில்தான். ஒரு மணி நேரமாகக் காட்டை மொத்தமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, திடீரென ஒரு செடியின் ஓர் இலையிடுக்கில் நிலைகொள்வது சற்றுச் சிரமமாகத்தான் இருந்தது.

அருவி பார்க்க வந்தவர்களுக்கு இது உல்லாசப் பயணம். காட்டோ, பரமகாட்டோய், கமராங் போன்ற உள்நாட்டு ஊர்களில் இருப்பவர்களுக்கோ இதுதான் பேருந்து, இதுதான் லாரி, இதுவே ஆம்புலன்ஸும். ஓகிளில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற விமானத்தில் பாதி இருக்கைகளைக் கழற்றிவிட்டு அரிசி மூட்டைகள், டீசல் பீப்பாய், ஒரு மெத்தை, பள்ளிக்கூட நோட்டுக் கட்டுகள் ஆகியவற்றை வலை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஏறவிருந்த ஒரு மூதாட்டி, எங்களைப் போல் ஒருமுறைகூட வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. தம் மூட்டைகள் எல்லாம் ஏறிவிட்டனவா என்பதில்தான் அவருடைய கவனம் முழுவதும் இருந்தது. மழைக்காலத்தில் தளம் சகதியானால் அவருடைய ஊருக்கு விமானம் வராது. மருந்தும் வராது, ஆசிரியரும் வரமாட்டார். அட்டவணையைக் காடு போடுகிறது என்று நான் சொன்னது அவருக்குப் புதிய செய்தியாக இருக்க முடியாது.

திரும்பும் வழி பிற்பகலில் அமைந்தது. காலையில் புள்ளிகளாக இருந்த மேகங்கள் கோபுரங்களாக வளர்ந்திருந்தன. ஆங்காங்கே அவற்றின் அடியிலிருந்து சாம்பல் நிறத் திரையாக மழை தொங்கியது. ஒவ்வொரு திரைக்கும் எத்தனை கிலோமீட்டர் அகலம் என்பதை மேலிருந்து துல்லியமாகக் கண்ணால் அளக்கலாம். ஒரு மழையின் இரண்டு ஓரங்களையும் ஒரே பார்வையில் பார்ப்பது எனக்கு அதுவே முதல் அனுபவம். விமானி நேர்வழியை விட்டுவிட்டுத் திரைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஆற்றின் பக்கமாகச் சாய்ந்தார். காலையில் தனியாக ஒதுக்கி வைத்த எரிபொருள் இதற்காகத்தான் என்பது அப்போது புரிந்தது. ஒரு மழையின் ஓரத்தை மட்டும் உரசினோம். கண்ணாடியில் நீர் கிடைக்கோடுகளாக ஓடியது, கூரையில் சரளைக்கல் கொட்டும் ஓசை கேட்டது, பிறகு வெயில். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துவிட்டார்கள்.

இப்படி ஒரு பயணம் போக வாய்ப்புக் கிடைத்தால், காட்டைப் பார்க்கக் காலை விமானத்தையும், மேகத்தைப் பார்க்கப் பிற்பகல் விமானத்தையும் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே நாளில் அமைந்தால் இன்னும் நல்லது. இறக்கையைத் தாங்கும் சாய்கம்பம் படத்தின் குறுக்கே விழாமல் இருக்க, அதற்குப் பின்னால் உள்ள வரிசை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காது என்றால் வற்புறுத்த வேண்டாம், அது உங்கள் எடையைப் பொறுத்த முடிவு. கைப்பையைக் குறைவாக எடுத்துச் செல்லுங்கள். அன்று மாலை வேறு பெரிய விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். அடுத்த நாள் காலைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.